குட்டியின் மூக்கு உயரத்தில் காற்று

மார்கழி பிறந்தால் கல்வராயன் மலையில் ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு புதிர் காத்திருக்கும். பெரிய ஆடுகள் பகலெல்லாம் தூறலிலும் ஊதல் காற்றிலும் சரிவுகளில் மேய்ந்துவிட்டுத் திரும்பும். அவற்றுக்கு ஒரு தும்மல்கூட இருக்காது. பனி படக்கூடாது என்று கொட்டகையின் உள்மூலையில் தார்ப்பாய் கட்டி, இடுக்கெல்லாம் சாக்கு அடைத்துப் பாதுகாத்த குட்டிகள்தான் மூக்கொழுகி, செருமி, தாயின் மடியைத் தேடாமல் ஒதுங்கி நிற்கும். குளிர்தான் காரணம் என்றால் குளிரில் அலைந்த ஆடல்லவா முதலில் இரும வேண்டும்?

இந்தக் கேள்வி ஆட்டோடு நிற்பதில்லை. பனியில் தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்று சொல்லாத தாய் தமிழ்நாட்டில் இல்லை. சளிக்குக் காரணம் கிருமி என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. இரண்டு பேச்சும் எங்கே சந்திக்கின்றன என்பதை ஒரு மலைக்கொட்டகையில் பிறந்த இரண்டு கிலோ குட்டி தெளிவாகக் காட்டும்.

இடத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டம், 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மரவள்ளியும் சாமையும் பயிர். வீட்டுக்கு நாலு ஆடு இருந்தால் மருத்துவச் செலவோ படிப்புச் செலவோ வரும்போது கைகொடுக்கும். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டமும் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு என்ற கணக்கையே எடுத்துக்கொண்டது. நான்கே ஆடு உள்ள வீட்டில் இரண்டு குட்டி செத்தால் ஒரு வருட உழைப்பில் பாதி போய்விடும்.

உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் இறங்கும். கள்ளக்குறிச்சி நகரில் விடியற்காலை 18 டிகிரி என்றால், அங்கிருந்து இரண்டாயிரம் அடி மேலே இருக்கும் ஊரில் கணக்குப்படி 14 டிகிரி. இதோடு நாட்காட்டியும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். கோடை மழையில் தழை துளிர்த்து, ஆடு தேறி, ஆடியில் சினை பிடித்தால் ஐந்து மாதம் கழித்து மார்கழியில் ஈனும். வருடத்தின் மிகக் குளிர்ந்த விடியலில் மிகச் சிறிய உடம்பு தரையில் விழுகிறது.

பாஸ்டரின் கோழி

குளிரால் நோய் வருமா என்ற கேள்வியைச் சோதனை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் முக்கியமானவர். அடைப்பான் நோய் ஆட்டையும் மாட்டையும் கொல்கிறது, கோழிக்கு மட்டும் வருவதில்லை. ஏன் என்று அவர் யோசித்தார். கோழியின் உடல் வெப்பம் சுமார் 42 டிகிரி. அந்தச் சூட்டில் அடைப்பான் கிருமி சரியாகப் பெருகாமல் இருக்கலாம் என்று ஊகித்தார்.

1878இல் அவரும் அவருடைய துணைவர்களும் ஒரு கோழிக்குக் கிருமியை ஏற்றி, அதைக் குளிர்ந்த நீரில் நிற்க வைத்தார்கள். உடல் சூடு இறங்கியது, கோழி நோய் கண்டு செத்தது. கிருமி ஏற்றாமல் தண்ணீரில் மட்டும் நின்ற கோழி பிழைத்தது. கிருமி ஏற்றியும் தண்ணீரில் நிற்காத கோழியும் பிழைத்தது. இன்னொரு கோழிக்குக் கிருமி ஏற்றி, குளிர்நீரில் நிறுத்தி, நோய் தொடங்கியதும் வெளியே எடுத்துத் துணி சுற்றிச் சூடேற்றினார்கள். அதுவும் தேறியது.

கிருமி இல்லாமல் குளிர் மட்டும் நோயை உண்டாக்கவில்லை. குளிர் இல்லாமல் கிருமி மட்டும் வெல்லவும் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டியிருந்தது. மார்கழிக் குட்டியின் கதை இதே போக்கில்தான் போகிறது, ஆனால் அதில் மூன்றாவதாக ஒன்று நுழைகிறது. அது கொட்டகையின் காற்று.

இரண்டு கிலோ உடம்பு

வெப்பம் தோல் வழியாக வெளியேறுகிறது. உள்ளே சதையும் உறுப்பும் அதை உண்டாக்குகின்றன. உடம்பு சிறியதாக ஆக, உள்ளே உள்ள எடையோடு ஒப்பிட்டால் வெளியே உள்ள தோல் அதிகமாகிறது. 25 கிலோ தாயாட்டையும் 2 கிலோ குட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். தாயின் எடை பன்னிரண்டரை மடங்கு. தோலின் பரப்போ ஐந்தரை மடங்குக்கும் குறைவு. ஆகவே கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குட்டிக்குத் தாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் தோல் இருக்கிறது. அந்த அளவுக்கு அது வேகமாகக் குளிரும்.

இயற்கை இதற்கு ஒரு கையிருப்பு வைத்திருக்கிறது. பிறந்த குட்டியின் சிறுநீரகத்தைச் சுற்றியும் வேறு சில இடங்களிலும் பழுப்புக் கொழுப்பு என்ற சிறப்புக் கொழுப்பு உண்டு. சாதாரணக் கொழுப்பு நாளைக்கென்று ஆற்றலைச் சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்போ நடுங்காமலேயே எரிந்து நேரடியாகச் சூடு தரும். அளவு கொஞ்சம்தான். பால் வயிற்றுக்குப் போகாவிட்டால் சில மணி நேரங்களில் தீர்ந்துவிடும்.

அந்தக் கையிருப்பைப் பெரிதாகத் தின்பது ஈரம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 580 கலோரிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வெப்பம் தேவை. பனிக்குட நீரில் நனைந்து பிறந்த குட்டியின் மயிரில் 100 கிராம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது உலர 58 கிலோகலோரி வேண்டும். அதில் பெரும்பங்கு குட்டியின் உடம்பிலிருந்தே போகும். 100 மில்லி ஆட்டுப்பாலில் இருக்கும் ஆற்றலே ஏறக்குறைய 70 கிலோகலோரிதான். தாய் நக்கித் துவட்டுவதற்கும், ஆள் ஒருவர் பழைய துணியால் அழுத்தித் துடைப்பதற்கும் அத்தனை மதிப்பு உண்டு. துடைத்த குட்டி ஒருவேளைப் பாலை மிச்சம் பிடிக்கிறது.

குளிர்ந்துபோன குட்டி எதிர்த்துப் போராடுவதில் பின்தங்கிவிடும். எழுந்து மடியைத் தேடும் வலு குறைகிறது. பால் குறைகிறது. பால் குறைந்தால் சூடு இன்னும் குறைகிறது. கிருமி நுழைவதற்கு முன்பே ஆட்டம் பாதி முடிந்துவிடுகிறது.

மூக்கிலிருந்து நுரையீரல் வரை

குளிர்ந்த காற்று நேராக நுரையீரலுக்குப் போய்விடாது. ஆட்டின் மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்புத் தகடுகள் உள்ளன. அவற்றின் மேல் ஈரமான, ரத்தம் நிறைந்த சவ்வு. உள்ளே வரும் காற்று அந்தச் சுருள்களைச் சுற்றிப் போகும்போது சூடும் ஈரமும் ஏறிக்கொள்கிறது. 14 டிகிரிக் காற்று மூச்சுக்குழலுக்கு வருவதற்குள் உடல் சூட்டை நெருங்கிவிடும். மலைச்சரிவில் மேய்ந்த பெரிய ஆடு இருமாததற்கு இது ஒரு காரணம். அது குளிர்ந்த காற்றைத்தான் இழுத்தது, ஆனால் அது சுத்தமான காற்று.

தூசியும் கிருமியும் உள்ளே போகத்தான் செய்யும். அவற்றைப் பிடிக்க மூச்சுக்குழலின் உட்புறமெங்கும் பிசுபிசுப்பான சளி மெல்லிய படலமாக இருக்கிறது. படலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் விநாடிக்குப் பல முறை ஒரே திசையில் அசைகின்றன. கிணற்றடியில் ஏற்றம் இறைப்பவர் சால் சாலாகத் தண்ணீரை மேலே கொண்டுவருவதைப் போல, இந்த மயிர்கள் சளியைக் கீழிருந்து தொண்டைக்குத் தள்ளுகின்றன. தொண்டைக்கு வந்ததை ஆடு விழுங்கிவிடும். இந்த ஏற்பாட்டைச் சளியேற்றம் என்று அழைக்கலாம். அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும்வரை நுரையீரலின் அடிப்பகுதி ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும்.

இனி கிருமிகள். குட்டிகளின் நுரையீரல் அழற்சியில், அதாவது நிமோனியாவில், அடிக்கடி அகப்படுபவை மான்ஹைமியா, பாஸ்டுரெல்லா என்ற இரண்டு பாக்டீரியாக்கள். இரண்டாவதன் பெயரில் இருப்பவர் அதே பாஸ்டர்தான். இந்த இரண்டும் வெளியூரிலிருந்து வந்து தாக்குபவை என்று எண்ணத் தோன்றும். உண்மையில் நலமாக இருக்கும் ஆட்டின் மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் அவை சாதுவாகக் குடியிருக்கின்றன. தாய் முத்தி முகர்ந்து நக்கும்போது குட்டிக்கும் வந்துவிடுகின்றன. சளியேற்றம் ஓடும்வரை அவற்றால் கீழே இறங்க முடியாது.

ஏற்றம் நின்றால் இறங்கும். இறங்கினால் மான்ஹைமியா ஒரு நச்சை வெளியிடும். பாதுகாப்புக்கு ஓடிவரும் வெள்ளை அணுக்களையே அந்த நச்சு உடைக்கிறது. உடைந்த அணுக்களிலிருந்து கொட்டும் பொருள்கள் நுரையீரலின் மென்மையான திசுவைப் புண்ணாக்குகின்றன. காற்று நிறைய வேண்டிய அறைகளில் நீரும் சீழும் நிறைகின்றன. மாலையில் துள்ளிய குட்டி மறுநாள் காலையில் வாய் திறந்து மூச்சு வாங்குவது இப்படித்தான்.

ஆகவே கேள்வி மாறிவிடுகிறது. கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடுவதைவிட, சளியேற்றத்தை நிறுத்தியது எது என்று தேட வேண்டும்.

அடைத்த கொட்டகையில் ஓர் இரவு

கணக்குக்காக ஒரு கொட்டகையைக் கட்டிக்கொள்ளலாம். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஏழடி உயரம். உள்ளே 25 கிலோ எடையுள்ள பத்து ஆடுகள், மூலையில் சில குட்டிகள். பெரிய ஆட்டுக்குப் பத்து சதுர அடி என்று வழக்கமாகச் சொல்லும் அளவுக்கு இது சரியாக இருக்கிறது, நெருக்கடி இல்லை. வெளியே 14 டிகிரி. பனி இறங்கிய இரவு. நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, இடுக்கில் சாக்கு திணித்தாகிவிட்டது.

உள்ளே இருக்கும் காற்று சுமார் 20 கன மீட்டர். காற்றால் ஓரளவு தண்ணீரைத்தான் ஆவியாகச் சுமக்க முடியும், சூடு கூடினால் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கும். 14 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 12 கிராம் நீராவி தாங்கும், 18 டிகிரியில் 15 கிராமுக்குச் சற்று மேல். பனி இரவில் வெளிக்காற்றே பத்தில் ஒன்பது பங்கு நிறைந்துதான் இருக்கும். அப்படியானால் கதவை அடைக்கும்போது உள்ளே ஏற்கெனவே 216 கிராம் நீராவி இருக்கிறது. ஆடுகளின் உடல் சூட்டால் உள்ளே 18 டிகிரி ஆனாலும், இன்னும் 90 கிராம் வந்தால் காற்று நிறைந்துவிடும்.

ஓர் ஆடு மூச்சிலும் தோலிலும் மணிக்கு 10 கிராம் நீராவி விடுவதாக, குறைவாகவே, வைத்துக்கொள்ளலாம். பத்து ஆட்டுக்கு 100 கிராம். ஒரு மணி நேரத்துக்குள் காற்று நிறைந்துவிட்டது! இரவு எட்டு மணிக்கு அடைத்தால் ஒன்பது மணிக்குத் தார்ப்பாயின் உட்புறம் வியர்க்கத் தொடங்கும். விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் கூரையிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் சொட்டி, படுக்கையை நனைக்கும். கொட்டகைக்குள் மழை பெய்யவில்லை, ஒழுகவும் இல்லை. குட்டியின் முதுகு மட்டும் காலையில் நனைந்திருக்கும். எதிலிருந்து காப்பாற்றத் தார்ப்பாய் கட்டினார்களோ, அந்த ஈரத்தையே தார்ப்பாய் உண்டாக்கிக் கொடுத்துவிட்டது.

இதைவிடக் கெட்டது தரையில் நடக்கிறது. ஓர் ஆடு இரவில் கால் லிட்டர் சிறுநீர் கழித்தாலும் பத்து ஆட்டுக்கு இரண்டரை லிட்டர். சிறுநீரில் யூரியா இருக்கிறது. புழுக்கையிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவை உடைத்து அமோனியா வாயுவாக்குகின்றன. தரை ஈரமாகவும் கொட்டகை கதகதப்பாகவும் இருந்தால் அவை இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அமோனியா காற்றைவிட இலேசானதுதான், மேலே போகக்கூடியதுதான். ஆனால் அது பிறக்கும் இடம் தரை. காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் மிகச் செறிவாக இருக்கும் இடமும் தரையை ஒட்டிய ஓரடி உயரமே. அங்கேதான் படுத்திருக்கும் குட்டியின் மூக்கு இருக்கிறது.

அமோனியா நுண்மயிர்களை மந்தமாக்கும், அளவு மிஞ்சினால் அவற்றைச் சிதைத்தும் விடும். சளியேற்றத்தை நிறுத்தியது எது என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. இரவு முழுவதும் அமோனியாவை இழுத்த குட்டியின் மூச்சுக்குழலில் சளி தேங்குகிறது. தொண்டையில் சாதுவாக இருந்த கிருமி சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. தாய்க்கும் அதே காற்றுதான், ஆனால் நிற்கும் தாயின் மூக்கு இரண்டரை அடி உயரத்தில். பகலில் பத்து மணி நேரம் மலைக்காற்றில் அது நெஞ்சைக் கழுவிக்கொள்கிறது. வாரக்கணக்கில் கொட்டகையை விட்டு வெளியே வராத குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மனிதருக்கு இது தெரியாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. கொட்டகைக்குள் நின்றபடி வேலை செய்பவரின் மூக்கு ஐந்தடிக்கு மேலே. அந்த நாற்றத்துக்குச் சில நிமிடங்களில் பழகியும்விடும். விடியற்காலை கதவைத் திறந்த உடனே, பழகும் முன், குட்டி படுக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து முகத்தைத் தாழ்த்தி இரண்டு மூச்சு இழுத்தால் போதும். கண் எரிந்தால் குட்டி இரவெல்லாம் அதில் கிடந்திருக்கிறது என்று பொருள். எந்தக் கருவியும் தேவையில்லாத இந்தச் சோதனையைவிட நம்பகமான ஒன்று சிறு விவசாயிக்குக் கிடைப்பது அரிது. படுக்கைக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. முழங்காலை அரை நிமிடம் ஊன்றி எழுந்தால் துணி நனைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

இப்போது அதே கொட்டகையில் ஒரு மாற்றம். பக்கவாட்டில் தரையிலிருந்து மூன்றடிவரை அடைப்பு அப்படியே இருக்கட்டும், ஊதல் காற்று படுத்திருக்கும் குட்டிமேல் நேராக அடிக்கக்கூடாது. கூரைக்குக் கீழே எதிரெதிர் இரண்டு பக்கத்திலும் தார்ப்பாயை ஓரடி இறக்கித் திறந்துவிடலாம். சூடான ஈரக்காற்று மேலே எழும்பி அந்த வழியே வெளியேறும். கொட்டகையின் காற்று மணிக்குப் பத்து முறை மாறுவதாக வைத்தால், ஆடுகள் விடும் 100 கிராம் நீராவி 200 கன மீட்டர் காற்றில் பரவுகிறது. ஒரு கன மீட்டருக்கு அரை கிராம்தான் கூடுகிறது. எதுவும் வியர்க்காது, சொட்டாது.

குளிருமே என்ற பயம் நியாயமானது. ஓர் ஆட்டின் உடம்பு சும்மா நின்றாலும் 40 வாட் அளவுக்குக் குறையாமல் வெப்பம் விடுகிறது, பத்து ஆடுகள் 400 வாட். இத்தனை காற்று மாறினாலும் உள்ளே வெளியைவிட இரண்டு டிகிரி கூட வைத்திருக்க அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். அடைத்த கொட்டகைக்கும் திறந்த கொட்டகைக்கும் நடுவே இழப்பது இரண்டு டிகிரி, கிடைப்பது உலர்ந்த படுக்கையும் எரியாத காற்றும். குட்டிக்கு வேண்டிய மீதிச் சூட்டைக் கொட்டகை தர வேண்டியதில்லை, படுக்கை தரும். காய்ந்த வைக்கோலைக் கால் புதையும் அளவு பரப்பி, மூன்று பக்கம் அடைத்த பெட்டியில் இரண்டு மூன்று குட்டிகளைச் சேர்த்துப் படுக்க வைத்தால், அவை ஒன்றோடொன்று ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு சூடான காற்றுறையை உண்டாக்கிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் பரவிவரும் பரண்மேல் ஆடு வளர்ப்பும் இந்தக் கணக்கில்தான் வெல்கிறது. சட்டங்களின் இடைவெளி வழியே புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடுவதால் அமோனியா பிறக்கும் இடம் மூக்கைவிட்டு விலகுகிறது. ஆனால் குளிர்காலத்தில் பரணின் அடியிலிருந்து காற்று மேலே அடிக்கும், குட்டியின் வயிற்றில் அது நேராகப் படும். பரணில் குட்டி படுக்கும் மூலையில் மட்டும் பலகையும் வைக்கோலும் போட்டு, ஈரமானதும் மாற்ற வேண்டும். கீழே சேர்ந்ததை அள்ளாமல் விட்டால் பரண் போட்ட பயனே இல்லை.

கொசுவுக்கும் குளிருக்கும் கொட்டகைக்குள் மூட்டம் போடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அடைத்த இடத்தில் புகையும் நுண்மயிர்களை அமோனியாவைப் போலவே கெடுக்கும். மூட்டம் வேண்டுமானால் காற்று வரும் திசையில் கொட்டகைக்கு வெளியே, மாலையில், குட்டிகளை அடைக்கும் முன் போட்டு அணைத்துவிடுவது நல்லது. வைக்கோலும் நெருப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதில் உள்ள ஆபத்தைச் சொல்லவே வேண்டாம்.

முதல் சில மணி நேரம்

நல்ல காற்று கிடைத்தும் சில குட்டிகள் விழுகின்றன. அதற்குப் பெரும்பாலும் சீம்பாலில் விடை இருக்கிறது.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கொடி வழியாக வாங்கிக்கொண்டு பிறக்கிறது. ஆடு மாடுகளின் நஞ்சுக்கொடி அமைப்பு அந்தப் புரதங்களைக் கடத்துவதில்லை. குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. தாய் வாழ்நாளெல்லாம் சந்தித்த கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்த புரதம் முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் குடல் பிறந்த சில மணி நேரத்துக்கு மட்டும் அதைச் செரிக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும். நேரம் ஆக ஆக அந்த வாசல் மூடிக்கொண்டே வந்து, ஒரு நாளில் ஏறக்குறைய முழுவதும் அடைந்துவிடும்.

அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் 1922இல் கன்றுகளை வைத்து இதை நிறுவினார்கள். சீம்பால் குடித்த கன்றுகள் பிழைத்தன, சீம்பால் மறுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்தன.

இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லி சீம்பால், முதல் பங்கு பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். நஞ்சு விழும்வரை பால் கொடுக்கக்கூடாது என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது வாசல் திறந்திருக்கும் நேரத்தை வீணாக்குகிறது. குட்டி காம்பைச் சப்பினால் நஞ்சு விழுவதற்கும் அது உதவியாகவே இருக்கும். இரட்டைக் குட்டிகளில் மெலிந்ததைக் கையில் பிடித்துக் காம்பில் வைக்க வேண்டும், வலுத்ததுதான் இரண்டு பக்கமும் குடித்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. விறைத்து, வாய்க்குள் விரல் வைத்தால் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு உடனே பால் புகட்டக்கூடாது. அது சப்பவோ விழுங்கவோ வலுவில்லாமல் இருக்கும், ஊற்றியது மூச்சுக்குழலுக்குப் போகும். முதலில் துடைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்களுக்கு நடுவே வைத்து, உடம்பில் சூடு வந்து தலையைத் தூக்கிய பிறகு பால்.

இருமல் வந்த பிறகு

நலமான வெள்ளாட்டின் உடல் வெப்பம் 102, 103 பாரன்ஹீட் வாக்கில் இருக்கும். குட்டிக்கு இன்னும் அரை டிகிரி கூடலாம். ஆசனவாயில் வைத்த வெப்பமானி 105 காட்டினால் காய்ச்சல் உறுதி. நிழலில் படுத்திருக்கும் குட்டியின் விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினால் மூச்சு பொதுவாக 20 முதல் 40க்குள் நிற்கும். அறுபதைத் தாண்டி, விலா உள்ளே இழுத்து, மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகியது மஞ்சளாகக் கெட்டிப்பட்டால் தாமதிக்கக்கூடாது. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போக வழியில்லாத மலையூரில் 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

பாக்டீரியா நிமோனியாவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி பயன்தரும், முதல் நாளிலேயே போட்டால். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. இரண்டாம் நாள் குட்டி துள்ளியதும் ஊசியை நிறுத்திவிடுவது மிகப் பரவலான தவறு. பாதியில் விட்ட கிருமி திரும்பும், திரும்பும்போது அந்த மருந்துக்கு அடங்காததாகவும் இருக்கலாம். நுரையீரல் புழுவும் இருமலுக்குக் காரணமாவதுண்டு. வாரக்கணக்கில் காய்ச்சலே இல்லாமல் இருமும் ஆட்டின் புழுக்கையைப் பரிசோதிக்கக் கொடுப்பது நல்லது.

வீட்டு மருத்துவத்தில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. துளசி, தூதுவளை, மிளகு என்று கஷாயம் காய்ச்சி, குட்டியின் தலையை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ ஊற்றுகிறார்கள். தலை நிமிர்ந்தால் மூச்சுக்குழலின் வாசல் சரியாக மூடாது. அதிலும் இருமும் குட்டி இருமலுக்கு நடுவே மூச்சை இழுக்கும், கஷாயம் நேராக நுரையீரலுக்கு இறங்கும். கிருமி தொடங்கியதைக் கஷாயம் முடித்துவிடும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தலை முதுகின் மட்டத்துக்கு மேல் போகாமல், கடைவாயில், சிறு சிறு மடக்காக, இருமினால் உடனே நிறுத்தி. வாய் திறந்து மூச்சு வாங்கும் குட்டிக்கு வாய் வழியாக எதுவும் ஊற்றக்கூடாது.

சாக்குச் சட்டை உதவும். பழைய கோணியை வெட்டி, நெஞ்சிலிருந்து இடுப்புவரை கட்டி, சிறுநீர் படும் இடத்தை விட்டுவிட வேண்டும். வெயில் வந்ததும் கழற்றி, சாக்கையும் குட்டியையும் காயவிட வேண்டும். நனைந்த சாக்கு வெறும் முதுகைவிட மோசம்.

அரசூரில் தெரியவந்த கொள்ளைநோய்

எல்லா இருமலையும் கொட்டகையின் தலையில் போட்டுவிட முடியாது. 1987இல், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையில் உள்ள அரசூரில் செம்மறி ஆடுகள் கூட்டமாக நோயில் விழுந்தன. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், பிறகு நிமோனியா. ஆட்டுக்கொல்லி நோய் என்றும் பி.பி.ஆர். என்றும் அழைக்கப்படும் வைரஸ் நோய் இந்தியாவில் இருப்பது முதன்முதலில் உறுதியானது இங்கேதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். ஷைலாவும் உடன் ஆய்ந்தவர்களும் 1989இல் அதை வெளியிட்டார்கள். இந்த வைரஸ் மனிதரின் தட்டம்மை வைரஸுக்கும், 2011இல் உலகத்தைவிட்டே ஒழிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய் வைரஸுக்கும் நெருங்கிய உறவு.

இது எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கிவிடுவதால் தொண்டையில் காத்திருக்கும் பாஸ்டுரெல்லாவுக்கும் மான்ஹைமியாவுக்கும் கதவு திறந்துவிடுகிறது. பல ஆடுகள் கடைசியில் சாவது அந்த நிமோனியாவால்தான். ஆகவே ஒன்றிரண்டு குட்டி இருமுவதற்கும், சில நாட்களுக்குள் பட்டியில் பாதி வாய்ப்புண்ணோடும் கழிச்சலோடும் படுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வளர்ப்பவர் அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது வகை உடனே கால்நடைத் துறைக்குத் தெரிய வேண்டிய செய்தி. பொங்கலையொட்டி உளுந்தூர்பேட்டை போன்ற சந்தைகளில் பல ஊர் ஆடுகள் ஒன்றோடொன்று உரசி நின்று, வண்டியில் குளிர்காற்று வாங்கி, புதுப் பட்டிக்கு வந்து சேர்கின்றன. வாங்கிவந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

அரசூரில் கிடைத்த வைரஸ் பிறகு நோய்க்கு எதிராகவே திரும்பியது. அதைப் பலமிழக்கச் செய்து, அரசூர் 87 என்ற பெயரிலேயே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. ஒருமுறை போட்டால் மூன்று வருடம் காக்கும் நோய்த்தடுப்பு இதில் கிடைக்கிறது. உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் 2030க்குள் இந்த நோயை உலகெங்கும் ஒழிக்க இலக்கு வைத்துள்ளன.

எப்போது போடுவது என்பதில் சீம்பால் மறுபடியும் குறுக்கே வருகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசி வைரஸையும் அடித்துவிடும், ஊசி வீணாகும். மூன்று நான்கு மாதத்தில் அந்தப் புரதம் தேய்ந்துவிடுகிறது. மார்கழியில் பிறந்த குட்டிக்குச் சித்திரை வாக்கில் ஊசி போட்டால் ஐப்பசி மழையும் அடுத்த குளிரும் வருவதற்குள் அதற்குச் சொந்த எதிர்ப்பு வந்திருக்கும். தாய்க்கு ஊசி போட்டதா, எந்த மாதத்தில் போட்டது என்று தெரிந்தால் குட்டிக்கு நாள் குறிப்பது இன்னும் எளிது. முகாமுக்கு வரும் மருத்துவரிடம் சொல்வதற்காகவாவது அந்த மாதத்தைக் கொட்டகைத் தூணில் கரியால் எழுதி வைக்கலாம்.